உங்கள் ஊர்க் குகை எது?

ஆண்டிபட்டியில் மதுரை பஸ் ஏறி, கணவாய் இறங்கி, உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டினால் ‘யுனிவர்சிட்டி’ ஸ்டாப் வரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம். தூக்கம், மூளை என்று ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த வாசலைக் கடந்துபோகிறார்கள். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைக் கண்டறிய, மணி காட்டும் எதுவும் இல்லாத, பகலா இரவா என்று தெரியாத தனியறையில் ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்தது இந்த வளாகத்தில்தான்.

அந்த வேலையை நடத்தியவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் உடல் கடிகார ஆய்வாளர் எர்வின் ப்யூனிங்கிடம் தொழில் கற்றவர். 1970-களில் மதுரைக்கு வந்தார். இங்கே அவருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் கிடைத்தது ஒரு வௌவால் குகை. கூண்டில் அடைத்த வௌவாலைக் குகையிருட்டில், மற்ற வௌவால் கூட்டம் வந்துபோகிற இடத்தில் வைத்தால், அதுவும் கூட்டத்தின் நேரத்துக்கே விழிக்கிறது. கூட்டத்தை விட்டுப் பிரித்துத் தனியே வைத்தால் தன் போக்கில் நேரம் விலகிப்போகிறது. 1981-ல் வெளியான ஆய்வு இது. பத்தாண்டு கழித்து, தனியறையில் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி அவருடைய தூக்க–விழிப்புச் சுழற்சியோடு பிணைந்து ஓடவில்லை என்று அந்தக் குழு எழுதியது.

முறை ஜெர்மனியில் கற்றது. குகை மதுரைப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகோக்கும்போது இன்றும் கணக்கு இதுதான். எங்களிடம் கருவி இருக்கிறது, உங்களிடம் என்ன இருக்கிறது என்பார்கள். ஆண்டிபட்டிக்காரர் தலைகுனிய வேண்டியதில்லை. சக்கம்பட்டியில் தறி ஓடுகிறது. வேன் ஏறி மில்லுக்கு நைட் ஷிப்ட் போகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். மல்லிகை சீசனில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பூ எடுக்கப் போகும் பெண்கள். தூக்கம் கெட்டுப் பிழைக்கிற ஊர் இது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் வேலை உண்டு.

நுழைய மூன்று வழி சொல்கிறேன்.

பிளஸ் டூ அறிவியல் முடித்து சீக்கிரம் சம்பளம் பார்க்கவேண்டும் என்றால் டெக்னீஷியன் வழி. 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்ட்டையும் ஒரு தொழிலாகக் கணக்கில் எடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வுப் பட்டியலில் நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி, ரெஸ்பிரேட்டரி தெரபி இரண்டையும் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் இரண்டின் அறிவிப்புகளிலும் கண் வைத்திருங்கள்.

வேலை எப்படி என்றால், நோயாளியின் தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால் எல்லாம் ஒயர் ஒட்டி, விடியவிடிய ஸ்கிரீனைப் பார்ப்பது. பதிவை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் தூக்கத்தின் எந்த நிலை என்று குறிக்கவேண்டும். எட்டு மணி நேரப் பதிவு என்றால் 960 துண்டு. மூச்சு நின்றதும் குறைந்ததும் மணிக்கு எத்தனை முறை என்று எண்ணவேண்டும். 5-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை, 30-ஐத் தொட்டால் தீவிரம். அடுத்தவர் தூக்கத்தைக் காக்கப் போய் நம் தூக்கம் போகும் வேலை என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேரும் முன் இன்னொன்றும் விசாரியுங்கள். படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, நிஜமாகவே பெட் போட்ட ஸ்லீப் லேப் இருக்கிறதா, ஒரு மாணவர் எத்தனை இரவு கையால் ஒயர் ஒட்டுவார்? மூன்றாவதற்குப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் வழி. இன்ஜினியரிங், கணிதம், இயற்பியல் படித்தவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பிசியோநெட் தளத்தில் ‘ஸ்லீப் ஈடிஎஃப்’ என்ற தொகுப்பில் 197 முழு இரவுப் பதிவுகள் இலவசமாகக் கிடக்கின்றன. பைத்தானில் எம்என்இ நூலகத்தை வைத்து ஒரே ஒரு இரவைத் திறந்து, நிலைகளை நீங்களே குறித்து, நிபுணர் குறித்ததோடு ஒப்பிடுங்கள். எங்கே தவறினீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். பயோடேட்டாவில் பத்து ஆன்லைன் சான்றிதழைவிட இந்த இரண்டு பக்கம் பேசும். இந்த மாதிரி ஆட்கள் எங்கே தேவை? சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருப்பருவச் சிசுக்களின் மூளையை 5,132 வெட்டுத் துண்டுகளாகப் படம் பிடித்து ‘தரணி’ என்ற பெயரில் வெளியிட்டது. அதில் சென்னையின் மருத்துவர்களோடு ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களும் இருந்தார்கள். அது தூக்க ஆய்வு அல்ல. ஆனால் மருத்துவமனையும் கம்ப்யூட்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்முன் உள்ள சாட்சி.

மூன்றாவது, ஆராய்ச்சி. விலங்கியல், உளவியல், நர்சிங் எதிலிருந்தும் வரலாம். கல்லூரியில் படிக்கும்போதே இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு லேபில் இருந்தால் இந்த வேலை ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். பேராசிரியருக்கு மெயில் எழுதுகையில் ‘மதிப்புமிகு ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்’ என்று நீட்ட வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையை வாசித்து, அதில் புரியாத ஒன்றைக் கேளுங்கள். பத்து வரி போதும்.

உள்ளே போனபின்தான் அசல் வேலை. வெளியூர்ப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் தயார் கேள்வித்தாளோடு வரும். மெல்போர்ன் மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-ல் அமைத்த எப்வொர்த் தூக்கக்கலக்க அளவுகோல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24. அதில் ஒரு கேள்வி: கார் டிராபிக்கில் சில நிமிடம் நிற்கும்போது கண் சொக்குமா? பூ எடுக்கும் அக்காவிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் கேள்வித்தாள் போன மாதம் வழக்கமாக எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்கிறது. வாரம் ஒரு ஷிப்ட் மாறும் மில் தொழிலாளிக்கு வழக்கம் ஏது? இங்கே வாய் திறக்கவேண்டியவர் நீங்கள். தமிழில் மொழிபெயர்ப்பது, இன்னொருவரை விட்டுத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது, நாலு பேரிடம் வாசித்துக் காட்டித் திருத்துவது எல்லாமே ஆய்வுதான். டீ வாங்கிவரும் வேலை அல்ல. கட்டுரையில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும், சேகரித்த தரவு யாரிடம் இருக்கும் என்பதை முதல் மாதமே எழுத்தில் பேசிவிடுங்கள். கடைசியில் கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஒப்புதல் படிவத்தையும் நீங்களே ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்; உங்கள் அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமில்லை.

இதற்கெல்லாம் மருத்துவ நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில், நம் தாலுகாவிலேயே இருக்கிறது. ஆய்வுக்கு வழிகாட்டி தேடும்போது முதலில் அந்த வாசலைத் தட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூட்டங்களில் பேசக் கூப்பிடுவார்கள். தூங்காவிட்டால் மறதி நோய் நிச்சயம் என்று பயமுறுத்தினால் கைதட்டு கிடைக்கும். மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய காரணிகள் என்று லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட 14-ல் காது கேளாமை, ரத்த அழுத்தம், தனிமை எல்லாம் உண்டு. தூக்கக் குறைவு இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, முடிவாகவில்லை. அதைத்தான் மேடையிலும் சொல்லவேண்டும்.

இந்த வாரமே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் தெருவில் பூ எடுக்கப் போகும் ஒருவரிடம், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேளுங்கள். மணி சொல்லமாட்டார். “சீரியல் முடிஞ்சு, பாத்திரம் கழுவி, அவர் வந்து சாப்பிட்ட பிறகு” என்பார். அதை ஒரு கட்டத்துக்குள் எண்ணாக எழுதப் பாருங்கள்.