மேட்டுத் தோட்டத்துக்கு முதுகுச் சட்டம்: பார்த்து வாங்குவது எப்படி?



மலைச்சரிவில் இயற்கை விவசாயம் பண்ணுகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உங்க தோட்டத்துல எந்தப் பக்கம் எரு நல்லா போகுது?" பாதை ஓரமாக இருக்கிற பக்கம்தான் என்பார்கள். உச்சியில் இருக்கிற நாலு படிக்கட்டு நிலத்துக்குக் கடைசியாக எப்போது எரு போட்டோம் என்பதை யோசித்துத்தான் சொல்வார்கள். எரு இல்லாமல் இல்லை, அதை மேலே கொண்டு சேர்க்க முடியவில்லை. விளைச்சல் குறைவதும் அங்கேதான், "இயற்கை முறை மலைக்குச் சரிப்படாது" என்ற பேச்சு கிளம்புவதும் அங்கேதான்.

கீழ்ப்பழனி மலையில் காபி, மிளகு, மலைவாழை கலந்து வைத்திருக்கிறேன். ஜீப் ஒரு இடம் வரைக்கும் வரும். அதற்கு மேல் குதிரை, இல்லையென்றால் ஆள். வாழைத்தார் இறக்கக் குதிரை கட்டுப்படியாகும். தினம் ரெண்டு கூடை தொழு உரம் ஏற்றக் குதிரைக்குக் கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது. அதனால் சும்மாடு வைத்துத் தலையில்தான் போகிறது, அதையும் பெரும்பாலும் பெண்கள்தான் சுமக்கிறார்கள். கழுத்து வலி, முழங்கால் வலி என்று நாற்பது வயதிலேயே வேலைக்கு வருவதை நிறுத்தியவர்கள் எங்கள் ஊரிலேயே பலர். தலைச்சுமையை முதுகுக்கு மாற்றுவது பற்றி நான் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே பாடமாகச் சொல்கிறேன்.

பிற நாட்டு உழவர்கள் என்ன செய்தார்கள்?

கொரியாவில் 'ஜிகே' என்று ஒரு மரச்சட்டம் உண்டு. இயற்கையாகவே கிளை பிரிந்த ரெண்டு பைன் மரக் கவைகளை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் சேர்த்துக் கட்டுவார்கள். அந்தக் கிளைகள் பின்னால் நீட்டிக்கொண்டு சுமையைத் தாங்கும். முதுகு படுகிற இடத்தில் வைக்கோல் பின்னல், தோள்பட்டையும் வைக்கோல்தான். எரு, மண் சுமக்க அதன் மேல் விரிந்த கூடை ஒன்றை வைத்துக்கொள்வார்கள். 1950களில் நடந்த கொரியப் போரில் மலைமேல் இருந்த படைகளுக்கு உணவும் குண்டும் போய்ச் சேர்ந்தது இந்தச் சட்டத்தில்தான். ஒரு ஆளுக்குக் கணக்கு சுமார் 23 கிலோ, ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர்.

நேபாளத்தில் 'டோக்கோ' என்ற கூம்புக் கூடையை நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், எவரெஸ்ட் வழியில் நாம்சே சந்தைக்குப் போகிற ஆண் சுமைக்காரர்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்தது தெரிந்தது. பெண்கள் 66 சதவீதம். அதைப் படித்துவிட்டு நாமும் தூக்கலாம் என்று கிளம்பக் கூடாது. அவர்கள் சின்ன வயதிலிருந்து பழகியவர்கள். மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று போகிறவர்கள்.

அமெரிக்காவில் வண்டி போகாத காட்டிலிருந்து மான் இறைச்சியை வெளியே கொண்டுவர வேட்டைக்காரர்களுக்கென்றே சட்டம் விற்கிறார்கள். 1952இல் டிக் கெல்டி என்பவர் அலுமினியக் குழாய்ச் சட்டம் செய்து விற்க ஆரம்பித்த பிறகு அந்த வகை பரவியது. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தின் அமைப்பு நமக்கு அப்படியே பொருந்தும். பையைக் கழற்றிவிட்டு, மூட்டையை நேராகச் சட்டத்திலேயே வைத்துக் கட்டலாம். அடியில் சுமை உட்கார ஒரு தட்டு இருக்கும்.

எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

1. இடுப்புப் பட்டை. இதுதான் முதல். தோளில் மட்டும் தொங்குகிற சுமை கழுத்தையும் முதுகெலும்பையும் அழுத்தும். நல்ல இடுப்புப் பட்டை இருந்தால் பெரும்பகுதி எடை இடுப்பெலும்புக்குப் போய், அங்கிருந்து காலுக்கு இறங்கிவிடும். பட்டை நாலு விரல் அகலம், உள்ளே மெத்தை, முன்னால் சட்டென்று கழற்றும் கொக்கி. வயிற்றில் கட்டக் கூடாது, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும்.

2. முதுகு அளவு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை தையல்காரர் நாடாவால் அளக்கவும். ஆள் உயரமும் இந்த அளவும் ஒன்றல்ல. வீட்டில் ரெண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவதென்றால் தோள்பட்டையை ஏற்றி இறக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஆம்பளை அளவுக்குச் செய்த சட்டத்தைப் பெண்கள் போட்டால் இடுப்புப் பட்டை தொடைக்கு இறங்கிவிடும். அப்புறம் முழு எடையும் தோளில்தான்.

3. சுமை முதுகை ஒட்டி இருக்கணும். ஒரு சோதனை. ஐந்து லிட்டர் கேனை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். எடை அதேதான், ஆனால் அரை நிமிடம் தாங்காது. முதுகிலும் அதே கணக்கு. சுமை பின்னால் தள்ளிப் போகப் போக நாம் முன்னால் வளைய வேண்டி வரும். அதனால் கனமானதை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வருமாறு கட்டவும். லேசானது வெளிப்பக்கம்.

4. விறைப்பு. சட்டத்தை மூலைக்கு மூலை பிடித்து முறுக்கிப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம். சரிவில் சுமை ஆடினால் கால் தடுமாறும்.

5. காற்றோட்டம். குழாயோ பலகையோ முதுகில் படக் கூடாது. குறுக்கே ரெண்டு அகலமான துணிப் பட்டைகளை இழுத்துக் கட்டியிருந்தால் முதுகு அதில்தான் சாயும், வேர்வையும் காயும்.

நாமே செய்துகொள்ளலாமா?

தாராளமாக. உயரம் 65 செ.மீ., அகலம் 32 செ.மீ., அடித்தட்டு 25 செ.மீ. நீட்டம் வைத்தால் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டோ கேனோ உட்காரும். மூன்று வருஷத்துக்கு மேல் முற்றிய மூங்கில் நன்றாகவே தாங்கும். வெல்டிங் பட்டறையில் மெல்லிய இரும்புக் குழாயில் செய்யச் சொன்னாலும் சரி, ஆனால் சட்டம் மட்டுமே நாலு கிலோவைத் தாண்டினால் அதையும் நாம்தான் சுமக்கணும். பழைய காரின் சீட் பெல்ட் உறுதியான வார். தோள் பக்கம் ஆறு செ.மீ. அகலத்துக்குப் பழைய கம்பளியை மடித்துத் தைக்கவும். 16 லிட்டர் ஸ்பிரேயர் நிரம்பினால் இருபது கிலோவுக்கு வரும். அதில் வருகிற மெல்லிய பட்டைக்கும் இதே வைத்தியம் செய்யலாம்.

சுமக்கும் முறை

முதல் மாதம் உடல் எடையில் கால் பங்கு போதும். 60 கிலோ ஆளுக்கு 15 கிலோ. பழகிய பிறகு மூன்றில் ஒரு பங்கு, 20 கிலோ. தரையிலிருந்து தூக்காதீர்கள், முழங்கால் உயரக் கல்லில் வைத்து, உட்கார்ந்து மாட்டி எழவும். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி, பிறகு தோள்பட்டை. ஓடை தாண்டும்போது இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் சுமையை உதற முடியும். கேனை அரைகுறையாக நிரப்பினால் தண்ணீர் அலைந்து ஆளைத் தள்ளும். முழுசாக நிரப்புங்கள், இல்லையென்றால் சின்னக் கேன் எடுங்கள்.

கையில் கம்பு அவசியம். கொரியாக்காரர் ஜிகேவுக்குக் கவைக்கம்பை முட்டுக் கொடுத்து நிறுத்துவார். நேபாளத்துக்காரர் டி வடிவக் கம்பைக் கூடைக்கு அடியில் கொடுத்து நின்றபடியே இளைப்பாறுவார். நம் முன்னோர் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட்டதும் இதற்காகத்தான், இன்னொருத்தர் கை இல்லாமலே சுமையை இறக்கி ஏற்றலாம். தோட்டத்தில் ஏற்றம் உள்ள இடத்தில் இடுப்பு உயரத்தில் கல் அடுக்கி நாமும் ரெண்டு மூன்று சுமைதாங்கி வைக்கலாம்.

கை மரத்துப் போனால், விரல் கூச்சமெடுத்தால் உடனே இறக்குங்கள். பட்டை நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். கர்ப்பிணிகள், குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், அறுவை சிகிச்சை செய்தவர்கள் சுமக்கவே வேண்டாம்.

சுமையைக் குறைக்கும் கணக்கு

ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம். கீழே கரைத்து மேலே சுமந்தால், நடைக்கு 20 லிட்டர் வீதம் பத்து நடை. சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, மொத்தம் சுமார் 24 கிலோ. இதை ரெண்டு நடையாக மேலே கொண்டுபோய், அங்கேயே ஒரு பிடி மண் சேர்த்துக் கரைத்தால் எட்டு நடை மிச்சம். அதற்கு மேலே ஒரு டிரம்மும், கொட்டகைக் கூரையிலிருந்து மழைநீர் விழ ஒரு தொட்டியும் வேண்டும். அதேபோல மூடாக்குக்குக் கிளைரிசிடியாவை உச்சி வரப்பிலேயே நட்டுவிட்டால் தழை சுமக்கிற வேலை இல்லை. தொழு உரத்தை நிழலில் ரெண்டு நாள் ஈரம் குறையப் பரப்பி வைத்தால், தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

சட்டம் வாங்கும் முன் ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள். என்ன சுமந்தோம், எத்தனை நடை, யார் சுமந்தது. எந்த நடையை நிறுத்தலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மிச்சம் உள்ளதை யார் அதிகம் சுமக்கிறார்களோ, அவர் முதுகு அளவுக்குச் சட்டம் செய்யுங்கள்.