கூட்டு மருந்தும் கிராமத்தாரும்

கொரட்டூர் நிலையத்தில் மின்சார ரயில் ஏறுபவர் ஏறத்தாழ அரைமணியில் சென்ட்ரலை அடைந்து, சாலையைக் கடந்தால் அரசினர் பொது மருத்துவமனை. பூங்கா நிலையத்தில் வேறு ரயில் ஏறினால் தாம்பரம் சானடோரியம். இரண்டிடத்திலும் எச்.ஐ.வி. கிருமிக்குரிய கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைந்துவிட்ட கொரட்டூர்வாசிக்கு மருந்து தூரத்தில் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் உட்கிராமத்தில் நாற்று நடும் கூலியாளுக்கோ, அதே மருந்து ஒரு நாட்கூலியையும் பஸ் கட்டணத்தையும் விலையாகக் கேட்கின்றது. சிகிச்சையின் பலனை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை முதலில் நோக்குதல் வேண்டும்.

இந்நாட்டில் இக்கிருமி இருப்பதை 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தனர். காசநோயாளருக்காக 1928-இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய தாம்பரம் மருத்துவமனை, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரையும் ஏற்றது. உடலின் காப்பு குன்றியவரைக் காசநோய் எளிதில் பற்றுமாதலால் இது பொருத்தமே. அக்காலத்தில் அங்குச் சென்றவர் பலர் திரும்பவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் எட்டு நிலையங்களுள் தாம்பரமும் ஒன்றாயிற்று. நிலைமை மாறத் தொடங்கியது அதன் பிறகே.

இம்மருந்து கிருமியை அடியோடு அழிப்பதில்லை, பெருகாமல் தடுக்கின்றது. கிருமி ஒடுங்கவே, சி.டி.4 எனப்படும் காப்பு அணுக்கள் மீள வளர்கின்றன. இப்பொழுது பெரும்பாலோர்க்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை நாளொன்றுக்கு ஒருமுறை போதும். ஒழுங்காக உண்பவர் ஏனையோரைப் போன்றே உழுது, பயிரிட்டு, நெடுங்காலம் வாழ்கின்றனர். இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழியே அது வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவதுமில்லை.

இடையிடையே நிறுத்தினால் விளைவதென்ன? உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அரைகுறையாக மருந்து தெளித்த வயலில் பிழைத்த புழு மறுமுறை அம்மருந்துக்கு அஞ்சாது. கிருமியும் அவ்வாறே பழகிவிடும். பின்னர் வேறு மருந்து தேட நேரும்.

நிறுத்துவோர் அறியாமையால் மட்டும் நிறுத்துவதில்லை. உடல் தேறிவிட்டதென எண்ணுவோர் சிலர். அறுவடை நாளில் கூலியை விட மனமில்லாதோர் சிலர். மருத்துவமனை வரிசையில் ஊரார் எவரேனும் பார்த்துவிடுவரோ என்று அஞ்சுவோரே மிகுதி என்பது என் கருத்து. அருகிலுள்ள இணைப்பு மையத்தை விட்டு, முகமறியாத தொலைவூருக்குச் செல்வாரும் உளர். வம்பு பேசும் வாய் ஒன்று, மருந்து கொடுக்கும் கையின் பாதி வேலையைக் கெடுத்துவிடுகின்றது.

தாமதமாக வருதலும் பெருங்கேடு. 2004-இல் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழ் இறங்கியோர்க்கே பெரும்பாலும் மருந்து தரப்பட்டது. 2017 முதல், கிருமி உறுதிப்பட்ட அனைவர்க்கும் உடனே தொடங்குகின்றனர். ஆயினும் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை செய்துகொண்டால்தானே தொடங்க முடியும்! இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலோ, காரணமறியா மெலிவோ உடையவரைக் காசநோய்க்கும் இதற்கும் சேர்த்தே பரிசோதிக்க அனுப்புதல் நலம்.

பஞ்சாயத்து உறுப்பினர் யாருக்கு இந்நோய் என்று பட்டியல் திரட்டலாகாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் இவர்களை ஒதுக்குவதை அது தடுக்கின்றது. பகைமை பரப்புவோருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கின்றது. உறுப்பினர் செய்யத்தக்கது வேறு: உடல்நிலை சீராக உள்ளோர் மும்மாத மருந்தை ஒருசேரப் பெற வசதியுண்டு என்பதையும், 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் கிராம சபையில் அனைவர்க்கும் பொதுவாக அறிவிக்கலாம். பெயர் எதுவும் சொல்லாமலே, தேவையானவர் கேட்டுக்கொள்வர்.