போருக்குப் போன தாத்தாவை இணையத்தில் தேடலாம்!

என் அப்பத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப்போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். திண்டுக்கல் வீட்டுக்கு மாதாமாதம் வந்த மணியார்டர் ஒருநாள் நின்றுபோனது. இறந்த தேதி தெரியாததால் திதி கொடுக்க முடியவில்லையே என்பது அப்பத்தாவின் தீராத குறை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் தேடிப் பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் தொடங்கப்பட்டது. இரு உலகப்போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அதன் இணையதளத்தில் உள்ளது. கட்டணம் இல்லை. முகவரி: டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டாட் சிடபிள்யூஜிசி டாட் ஓஆர்ஜி.

தேடும் பக்கத்தில் எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் இந்தியா என்றும், எந்தப் போர் என்ற இடத்தில் இரண்டாம் உலகப்போர் என்றும் தேர்வு செய்யுங்கள். ஊர்ப்பெயர் இருந்தால் அது கூடுதல் தகவல் பகுதியில்தான் இருக்கும். அங்கே திண்டுக்கல் என்று மட்டும் தேடி ஏமாறாதீர்கள். திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் உருவானது. அதற்கு முன் மதுரை மாவட்டம். அதையும் அன்று 'மதுரா' என்றே எழுதினார்கள். எம், ஏ, டி, யு, ஆர், ஏ என்று டைப் செய்யுங்கள்.

பல இந்திய வீரர்களுக்கு ஊரோ தகப்பனார் பெயரோ பதிவாகவில்லை. அப்போது பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அல்லவா! முத்தையா என்பதை ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்தேன். இனிஷியல் வேண்டாம்.

எனக்கு ஒரே பெயரில் மூன்று பேர் கிடைத்தார்கள். உடனே அப்பத்தாவிடம் ஓடியிருந்தால் யாரோ ஒருவருக்குத் திதி கொடுத்திருப்போம். டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய மணியார்டர் துண்டில் படை எண் இருந்தது. அது ஒருவருக்கு மட்டுமே பொருந்தியது. கல்லறை அறியப்படாத சுமார் 27 ஆயிரம் பேரின் பெயர் பொறித்த ரங்கூன் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

போரில் பிழைத்துத் திரும்பியவர்கள் இந்தத் தளத்தில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்தந்த ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்குப் படை எண்ணுடன் கடிதம் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் வெலிங்டனிலும், மெட்ராஸ் சேப்பர்ஸ் மையம் பெங்களூரிலும் உள்ளன.

கிடைத்த ஆங்கிலத் தேதியைப் பஞ்சாங்கத் தளம் ஒன்றில் கொடுத்து, தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் குறித்துக்கொண்டேன். பிரிண்ட் எடுத்து அப்பத்தாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.