ஒதுக்கப்படுதலும் ஒதுங்கி வாழ்தலும்



பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் நம் அன்பர்களைக் காணச் செல்லுந்தோறும் ஒரே வினா பலர் வாயிலாக நம்மிடம் வருகின்றது. "ஐயா, வேலை ஓய்ந்தது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். கூட்டத்திற்கும் விழாவிற்கும் போக மனம் நாடவில்லை. வீட்டைச் சுற்றியுள்ள நாலு செடிகளைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்கவே விருப்பமாயிருக்கிறது. இது தம்மத்திற்கு அடுக்குமா?" என்பதே அவ்வினா. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து முதியவர் ஒருவர் கேட்டார். வண்டிப்பெரியாற்று மலையில் கொழுந்து கிள்ளி ஓய்ந்த அம்மையார் ஒருவரும் கேட்டார். ஆதலின் இம்முறைப் பாடத்தை இவ்வினாவிற்கே உரியதாக்குகின்றோம்.

வினாவின் வேர்

தனித்திருக்க விரும்பும் முதியவர் அதனை ஒரு குற்றம்போல் தாழ்ந்த குரலில் சொல்வானேன்? காரணம் உண்டு. நம் முன்னோர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். கிணற்றிலிருந்தும், தெருவிலிருந்தும், பள்ளியிலிருந்தும் விலக்கப்பட்டவர்கள். இஃது பழங்கதை மட்டுமன்று. 2017ஆம் ஆண்டிலேயே பாலக்காட்டு எல்லையில், முதலமடையை அடுத்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பு மக்கள், தேநீர்க் கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் தாங்கள் வேற்றுமையாக நடத்தப்படுவதாக முறையிட்டமை செய்தித்தாள்களில் வெளிவந்தது. இத்தகைய வரலாறு உடையோர்க்குத் "தனிமை" என்னும் சொல் இனிப்பதில்லை. அது தண்டனையின் பெயராகவே ஒலிக்கின்றது.

மேலும், தம்மத்தை நாம் தனித்தனியே தழுவியவர்கள் அல்லோம். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கருடன் பல இலட்சம் மக்கள் திரண்டு நின்றே திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர். கூட்டமே நமக்கு வலிமை. அங்ஙனமாக, கூட்டத்தை விட்டு விலகுவது நன்றி மறத்தலாகாதா என்று மனச்சான்றுடையார் அஞ்சுவது இயல்பே.

இவ்வச்சத்தைத் தீர்க்க ஒரு வேற்றுமையை அறிதல் வேண்டும். பிறர் நம்மை ஒதுக்குவது வேறு. நாமே ஒதுங்கி வாழ்வது வேறு. முன்னதில் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகின்றது. பின்னதில் கதவின் தாழ் நம் கையில் உள்ளது. வேண்டும்போது சாத்தலாம், அழைப்போர்க்குத் திறக்கலாம். முன்னதை எதிர்த்துப் போராடுவது கடமை. பின்னதைக் கற்றுக்கொள்வது பயிற்சி. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே மயக்கம்.

நம் குற்றம் ஒன்று

இதனைப் பிறர்க்கு உரைக்குமுன் நம் குறையைக் கூறிவிடுதல் நேர்மை. நாம் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர்கள். இருபத்தேழு ஆண்டுகள் சங்கு ஊதினால் எழுந்தோம். சங்கு ஊதினால் உறங்கினோம். நூற்பு இயந்திரங்களின் இரைச்சலில் ஒருவர்க்கொருவர் கைச்சாடையாற் பேசிப் பழகினோம். ஒருநாள் ஆலை மூடப்பட்டது. வரவேண்டிய தொகை முழுதும் வந்துசேரவில்லை. நான்கு சென்ட் நிலத்தில் ஒரு வீடு. வீடு போக எஞ்சியது ஒன்றரைச் சென்ட். அதன் நடுவில் ஒரு கல்லின்மேல் மூன்று மாதம் வாய்பேசாது அமர்ந்திருந்தோம். தியானம் செய்கின்றோம் என்று வருவோரிடம் கூறிக்கொண்டோம்.

ஒருநாள் எம் இல்லாள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்? ஆலையையே கொண்டுவந்து இங்கே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். நாம் திடுக்கிட்டோம். உண்மை அதுவே. வாய் மூடியிருந்தது, உள்ளே மேலாளரோடும் மேஸ்திரியோடும் ஓயாத வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகே சூத்திரங்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். அவர் சொன்னதும் பகவான் உபதேசித்ததும் ஒன்றாக இருக்கக் கண்டோம்.

தனித்து வாழ்வோன் யார்?

சம்யுத்த நிகாயத்தில் மிகஜாலர் என்னும் பிக்கு இவ்வினாவையே பகவானிடம் கேட்கின்றார். பகவான் தந்த விடையின் பொருளாவது: புலப் பொருள்களை அவாவி அவற்றில் தோய்ந்து கிடப்பவன் மனித நடமாட்டமற்ற காட்டில் உறைந்தாலும் துணையோடு வாழ்பவனே. அவாவே அவன் துணை. அவாவை விட்டவன் ஊர் நடுவில், பலரோடு கலந்து இருந்தாலும் தனித்து வாழ்பவனே.

அதே நிகாயத்தில் தேரர் என்னும் பெயருடைய பிக்குவின் கதையும் உண்டு. அவர் தனியே பிச்சைக்குச் செல்வார், தனியே திரும்புவார், தனியே அமர்வார், தனிமையைப் புகழ்ந்தும் பேசுவார். பகவான் அவரை அழைத்து, அதுவும் ஒருவகைத் தனிமையே என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனினும் நிறைவான தனிமை ஒன்று உண்டெனக் காட்டினார். சென்றதை விட்டுவிடுதல், வருவதைப் பற்றாதிருத்தல், இப்பொழுதுள்ளதில் ஆசை வைத்துப் பிணிப்புண்ணாதிருத்தல் ஆகிய இம்மூன்றுமே அந்நிறைவு.

முதியோர்க்கு இப்பாடம் பெரிதும் பொருந்தும். முதுமையில் நம்மோடு உறைவது சென்றகாலமே. பெறாத கூலி, மறந்த மகன், வாங்காத நிலம் ஆகிய இவை பக்கத்தில் வந்து அமர்ந்துகொள்கின்றன. இவற்றை எழுப்பி அனுப்பாதவரை, ஆளில்லா வீடும் சந்தைக் கடையே.

தோட்டம் கற்பிப்பது

எழுப்பி அனுப்புவது எங்ஙனம்? "மறந்துவிடு" என்றால் மனம் மறப்பதில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும். அவ்வேலை பழைய கணக்கை நினைவூட்டாததாகவும், இப்பொழுதில் நிறுத்துவதாகவும் இருத்தல் வேண்டும். வீட்டுத் தோட்டம் அத்தகையது. வினய நூலில் பிக்குகளுக்கு மண்ணைத் தோண்டுதலும் செடிகொடிகளை வெட்டுதலும் விலக்கப்பட்டுள்ளன. ஆகவே தோட்டம் இல்லறத்தார்க்கே உரிய பயிற்சிக்களம் எனலாம். தோப்பும் சோலையும் வைப்போர்க்கும், கிணறும் தண்ணீர்ப் பந்தலும் அமைப்போர்க்கும் இரவும் பகலும் புண்ணியம் வளர்கின்றதென்று பகவான் ஒரு தேவனுக்கு விடை கூறியதும் உண்டு. அசோக மன்னர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் உதவும் மூலிகைகளையும் கிழங்குகளையும் கனிமரங்களையும் நடச்செய்ததைப் பொறித்துள்ளார். அக்கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு கேரளபுத்திரர் பெயரும் காணப்படுகின்றது.

மாசி மாதத்தில், மலையாளக் கணக்கில் கும்ப மாதத்தில், பாலக்காட்டார் சேனைக்கிழங்கு நடுவர். முழம் ஆழக் குழி எடுத்து, சருகும் சாணமும் அடுப்புச் சாம்பலும் இட்டு, முளையுள்ள ஒரு துண்டை வைத்து மூடிவிடுவர். பின்னர்ப் பல வாரங்கள் ஒன்றும் தோன்றாது. ஐயமுற்றுத் தோண்டிப் பார்த்தால் முளை கெடும். மழை விழுந்தபின் ஒற்றைத் தண்டு எழுந்து குடைபோல் விரியும். ஏறத்தாழ எட்டு மாதம் சென்று, இலை பழுத்துச் சாய்ந்த பிறகே கிழங்கைத் தோண்டலாம். மேலே உள்ளது வாடும்போதே கீழே உள்ளது முதிர்கின்றது. முதியோர்க்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுமோ? முதுமையால் நலிந்து வந்த நகுலபிதா என்னும் இல்லறத்தாருக்கு, உடல் பிணியுற்றாலும் உள்ளம் பிணியுறாதிருக்கப் பயில்க என்றே பகவான் அறிவுறுத்தினார்.

தோட்டம் பணிவையும் கற்பிக்கும். ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கீழ்க்காற்று வீசும் காலத்தில் நம் முருங்கை ஒடியும். வேலியில் அகத்தியை அடர நட்டால் காற்று சற்றுத் தணியும். மூணாற்றுக் குளிரில் சௌசௌக் கொடி தழைக்கும். முருங்கை அங்கே செழிக்காது. மழைமறைவில் உள்ள மறையூரின் நிலை வேறு. இடமும் காலமும் நம் விருப்பத்திற்கு வளைவதில்லை. காரணம் அமைந்தால் காரியம் தோன்றும், அமையாவிடில் தோன்றாது. ஏட்டில் படித்தும் விளங்காத இத்தத்துவம் ஒரு பாத்தியில் விளங்கிவிடும்.

கொல்லாமை

முதற்சீலம் ஏற்றவர்க்குத் தோட்டத்தில் இடர் உண்டு. நத்தை இலையைத் தின்னும். காட்டுப்பன்றி கிழங்கைக் கிண்டும். 2020ஆம் ஆண்டு மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில், வெடி வைத்த பண்டத்தைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானையொன்று ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டதை உலகமே அறிந்தது. பன்றிக்கென்று வைக்கும் வெடி பன்றியை மட்டுமே தேடிச் செல்வதில்லை. ஆகவே வெடியும் மின்கம்பியும் நமக்கு ஆகா. நத்தையைக் கையால் பொறுக்கித் தொலைவில் விடுக. பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து விலகச் செய்க. இவ்வளவு காத்தும் மண்வெட்டியில் ஒரு மண்புழு அறுபடலாம். எண்ணமே வினை என்பது தம்மம். கொல்லும் எண்ணமின்றி, கவனத்தோடு செய்வதே நம்மாலாவது. விளைச்சலில் ஒரு பங்கு பிற உயிர்க்குப் போகும் என்று முன்னரே கணக்கில் எழுதிவிட்டால் சினம் எழாது.

இரண்டு எச்சரிக்கை

முதலாவது: மேகியர் என்னும் பிக்கு, பகவானுக்குத் துணையாயிருந்த காலத்தில், ஆற்றங்கரை மாந்தோப்பு ஒன்றைக் கண்டு அங்கே தனித்திருக்க விடை கேட்டார். மற்றொரு பிக்கு வரும்வரை பொறு என்றார் பகவான். மேகியர் பொறுக்கவில்லை, மும்முறை கேட்டுச் சென்றார். சென்ற இடத்தில் தீய எண்ணங்களே அவரைச் சூழ்ந்தன. திரும்பி வந்தவருக்கு பகவான் கூறிய ஐந்து துணைகளில் முதலாவது நல்ல நண்பர். தோப்பு அழகியதாயிருந்தால் மட்டும் போதாது.

இரண்டாவது: வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரை பகவான் கண்டார். ஏன் ஒருவரும் பேணவில்லை என்று வினவ, அவர் மற்றவர்க்கு ஒன்றும் செய்ததில்லை என்பது விடையாயிற்று. பகவான் ஆனந்தரோடு கூடித் தம் கையாலேயே அவரைக் கழுவிப் படுக்க வைத்தார். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, ஒருவரையொருவர் பேணுமாறு பணித்தார். இக்கதை இருபுறமும் கூரியது. பிறர்க்கு உதவாதவன் கைவிடப்படுவான் என்பது ஒன்று. அங்ஙனம் கைவிடுவது சங்கத்தின் குற்றம் என்பது மற்றொன்று. ஆகவே ஒதுங்கி வாழும் முதியவர் ஒரு வாசலைத் திறந்தே வைக்க வேண்டும். நாமும் அவ்வாசலை மாதம் ஒருமுறையேனும் மிதிக்க வேண்டும்.

மண் இல்லாதோர்

இனி, அவ்வண்டிப்பெரியாற்று அம்மையாரின் நிலைக்கு வருவோம். அவர் ஒதுங்கி வாழ விரும்பினாலும் ஒதுங்க இடம் இல்லை. தோட்டத் தொழிலாளர் உறைவது லயம் எனப்படும் தொடர்வீடு. ஓர் அறையும் ஓர் அடுப்படியும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்வோர்க்கு உறைவிடம் அளிக்கும் கடமையை முதலாளிக்கு விதித்தது. வேலை ஓய்ந்தவர்க்கு நிலையான வீட்டுரிமை தரவில்லை. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பெயர் பதிந்தாலன்றிப் பலர் இறங்க வேண்டியதே. தலைமுறைகளாய்ப் பிறர் மலையைப் பச்சையாக்கியவர்க்குத் தமக்கென ஒரு கீரைப்பாத்தி இல்லை. உள்ள இடமும் காப்பானதன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் மாண்டன.

இத்தகையோரிடம் "அடங்கி இரு, செடி வளர்" என்று மட்டும் போதித்தால் அது தம்மமாகாது. அமைதி மனத்தில் விளைவது. ஆயினும் மனமுடைய உடல் நிற்க ஓர் அடி மண் வேண்டும். ஓய்ந்தோர்க்கு வீட்டுமனை கேட்கும் முயற்சிகளில் நம் இளைஞர் முன்நிற்க வேண்டும். முதியோர் தோட்டத்தில் அமைதியாயிருக்க, இளையோர் அலுவலக வாசலில் குரல் எழுப்புவது முரணன்று. ஒரு குடும்பத்தின் இரு கைகள்.

அதுவரை அவ்வம்மையார் வாளாவிருக்கவில்லை. லயத்து வாசலில், உடைந்த வாளியிலும் அரிசிச் சாக்கிலும் மண் நிரப்பிப் புதினாவும் மிளகாயும் வளர்க்கின்றார். பாத்திரம் கழுவிய நீரே அவற்றுக்குப் பாய்ச்சல். "யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள், ஐயா. மிளகாய் பறிக்க வருகிறவர்களோடெல்லாம் பேசுகிறேனே" என்றார். நாம் மறுமொழி கூறவில்லை.

பயிற்சி

அடுத்த உபோசத நாளில் ஒவ்வொருவரும் காலையில் அரைமணி நேரம் ஒரு செடியின் முன்னிருந்து, அதற்கு வேண்டியதைச் செய்க. பழைய வழக்கு ஏதேனும் மனத்தில் எழுந்தால் அதன் பெயரைச் சொல்லி, எழுந்து போகவிடுக. மாலையில் அச்செடியின் விளைவில் ஒரு பிடியையோ, ஒரு நாற்றையோ, விதையையோ வேலிக்கு அப்பால் உள்ள ஒருவர்க்குக் கொடுத்து வருக. காலையில் கதவைச் சாத்தியதும் மாலையில் திறந்ததும் நம் கையே என்பதை எண்ணிப் பார்க்க.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க.