சிறைச்சாலையும் நோய்த்தடைக் கல்வியும்

சிறையென்பது மதிலாற் சூழப்பட்ட இடமாயினும், நோய்க்கு அம்மதில் தடையன்று. கைதிகள் வருவர், போவர். காவலர் நாடோறும் தம் இல்லந் திரும்புவர். ஆதலின் எச்.ஐ.வி. என்னுங் கிருமியைப்பற்றிச் சிறையிலுள்ளார்க்குக் கற்பிக்குமாறு யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இக்கிருமி இரத்தத்தாலும் காப்பில்லாப் புணர்ச்சியாலும் பரவும். தாயினின்று மகவையும் பற்றும். உடனுண்பதாலும், ஓரறையிற் படுப்பதாலும், கொசுக்கடியாலும் பரவாது. இவ்வளவேனும் அறியாதவிடத்து நோயுற்றவன் ஒதுக்கப்படுவான். அதனைக் கண்ட ஏனையோர் சோதனைக்கு வர அஞ்சுவர். எனவே இது முதற்பாடம். ஆயினும் இதுவே முழுப்பாடமென்பார் கூற்றை நாம் ஒப்புகின்றிலேம்.

ஸ்காத்லாந்திலுள்ள கிளெனோகில் சிறையில் 1993ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் காண்க. ஆங்குப் போதைமருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வோர் பலரிருந்தனர். ஊசிகளோ மறைவாகக் கைமாறின. சோதனைக்கு உடன்பட்ட 162 பேரில் 12 பேரிடம் கிருமி காணப்பட்டது. அவருட் சிலர் சிறையினுள்ளேயே அதனைப் பெற்றனரென்பதும் ஆராய்ச்சியால் விளங்கிற்று. ஊசியைப் பகிராதே என்று ஓதிவிட்டு, தூய ஊசிக்கு வழியின்றி விடுவோமாயின், அப்போதையினின்று மீளமாட்டாதவன் யாது செய்வான்?

இவ்வினாவிற்கு ஸ்விட்ஸர்லாந்தினர் விடை தேடினர். 1992இல் ஓபர்ஷோன்கிரூன் சிறையின் வைத்தியர், மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல், தூய ஊசிகளைத் தாமே வழங்கத் தலைப்பட்டார். 1994இல் பெர்ன் நகரையடுத்த ஹிண்டல்பாங்க் மகளிர் சிறையில் நோய்த்தடைப் போதனையோடு ஊசிப்பொறிகளும் வைக்கப்பட்டன. பழைய ஊசியை இட்டாற் புதியதொன்று வெளிவரும். ஊசி ஆயுதமாகுமென்று காவலர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை நாம் இகழோம். ஆனால், ஆண்டிறுதியில் மதிப்பிட்டபோது எவரும் ஊசியாற் றாக்கப்பட்டிலர், போதைப்பழக்கம் பெருகவில்லை, ஊசி பகிர்தல் ஏறக்குறைய ஒழிந்தது. 1997இல் ஸ்பெயின் நாட்டுப் பஸௌரி சிறையும் ஊசிமாற்றுமுறையை மேற்கொண்டது.

புறத்தார்க்குக் கிடைக்கும் மருத்துவம் கைதிக்கும் கிடைத்தல்வேண்டுமென்பது 2015இல் ஐக்கியநாடுகள் சபை ஏற்ற நெல்ஸன் மண்டேலா விதிகளுளொன்று. ஆணுறையும், மறைபொருளாகக் காக்கப்படுஞ் சோதனையும், மருந்தும் இதனுள் அடங்கும்.

இனி, கற்பிப்பவர் யாவர்? அதிகாரியின் சொல்லினும் உடனுறையும் கைதியின் சொல்லே எளிதிற் செவியேறும். ஆதலின் கைதிகளுட் சிலரைப் பயிற்றி ஆசிரியராக்குதல் பல நாடுகளில் வழக்கமாயிற்று. விசாரணைக் கைதிகள் சின்னாளிற் போய்விடுவராகலின், அவர்க்குப் பாடம் வந்த வாரத்திலேயே தொடங்கவேண்டும். மருந்துண்பவன் விடுதலையாகும்போது, சின்னாட்களுக்குரிய மருந்தையும், அவன் ஊர்க்கு அணித்தான மருத்துவசாலையின் பெயரையும் கையிற் கொடுத்தனுப்புதல் வேண்டும்.