தறி வீட்டு மூட்டுவலிக்கு உச்சி வெயில்

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரி நெசவாளர் வீடுகளில் பகல் முழுக்கக் கால் தறிக்குழிக்குள், தலை கூரைக்குக் கீழே. உடம்பில் வெயில் படுவது அதிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போதுதான். முடக்குவாதம் (சரவாங்கி) உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைந்திருப்பது சகஜம். அவர்களுக்கும் வீட்டாருக்கும் சில குறிப்புகள்:

1. இளவெயிலை நம்பாதீர்கள். வைட்டமின் டி-யைத் தோலில் உண்டாக்கும் கதிர், வெயில் சாய்ந்திருக்கும்போது தரைக்கு அவ்வளவாக வந்து சேராது. பக்கத்துத் திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரைதான் நன்றாக உண்டாகிறது என்று கண்டார்கள். கடிகாரம் வேண்டாம், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அதுதான் நேரம்.

2. சாப்பாட்டுக்குத் தறியை விட்டு எழுந்ததும் கை, கால் தெரியக் கொஞ்ச நேரம் வாசலில் நில்லுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது. கத்திரி வெயிலில் வீம்பு வேண்டாம். வெயில் பட்டால் தோல் சிவந்து தடிப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

3. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ என்று இருக்கும். 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு.

4. 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியை வாரம் ஒரு முறை, டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும், சாப்பிட்ட பின் பாலில் கலந்து குடியுங்கள். “எனக்குக் கேட்டுது, நீயும் குடி” என்று அடுத்த வீட்டுக்காரி கொடுத்தால் வாங்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, சிறுநீரகக் கல் வரை போகும்.

5. இதுதான் முக்கியம். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் வாரம் ஒரு முறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. தினத்தாள் காலண்டரில் மாத்திரைக்கு ஒரு கிழமை, பொடிக்கு வேறொரு கிழமை என்று பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள்.

6. முட்டை மஞ்சள் கரு, மத்தி மீனில் டி ஓரளவு உண்டு. கேழ்வரகில் இருப்பது கால்சியம், டி அல்ல. பால் பாக்கெட்டில் ‘+எஃப்’ முத்திரை இருந்தால் வைட்டமின் சேர்த்த பால்.

7. டி ஏறினால் முடக்குவாதம் போய்விடாது. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள் மொத்தத்தில் 22 சதவீதம் குறைவாக வந்தன. அது வராமல் தடுப்பது பற்றிய கணக்கு. வந்ததைக் குணமாக்குவது பற்றியதல்ல. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

8. காலையில் அறுந்த இழையை முடிச்சுப் போட விரல் மடங்கவில்லையா? இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கி, விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தால் அதைத் தறி வலி என்று தள்ளிப்போடாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாத நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பழைய சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.