கதையைப் பிரித்துப் பார்க்கும் வழி

அன்பு மருமகளுக்கு,

கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, முரண் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாய். ஆனாலும் கதை படிக்கும்போது எது எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை என எழுதியிருந்தாய். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நல்ல கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றை மட்டும் மனத்துக்குள் மாற்றிப் பார். அப்போது கதையில் எது கெடுகிறதோ, அதுவே அந்த உத்தி செய்துவந்த வேலை.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் இதைச் செய்து பார்ப்போம். அவர் 1923இல் இடைசெவலில் பிறந்தவர்; எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு ஒரே ஊர்க்காரர், நெருங்கிய நண்பர்.

கதை இதுதான். ஏழைத் தாய் தாயம்மாளின் பிள்ளைகளுக்கும் பணக்கார வீட்டுச் சிறுவன் ராமசாமிக்கும் யாருடையது உசத்தி என்பதில் எப்போதும் போட்டி. தீபாவளி வருகிறது. ராமசாமியின் வீட்டுக்கு அவனுடைய அக்காள் கணவரான ராஜா வருகிறார். தாயம்மாளின் குடிசைக்கு உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அவன் பெயரும் ராஜா.

முதலில் களத்தை மாற்று. தீபாவளியை எடுத்துவிட்டுச் சாதாரண நாளாக வைத்துக்கொள். கணவனுக்கென்று வாங்கிவைத்த துண்டைத் தாயம்மாள் அந்தச் சிறுவனுக்குக் கொடுப்பது அப்போது சின்ன உதவியாகிவிடும். எல்லோரும் புதுத்துணி உடுத்தும் நாள் என்பதால்தான் அந்தத் துண்டுக்கு அவ்வளவு கனம்.

அடுத்து பாத்திரம். தாயம்மாள் தயங்காமல் கொடுத்திருந்தால் அவள் தெய்வமாகத் தெரிவாள். நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணாகத் தெரியமாட்டாள். தயங்கிவிட்டுக் கொடுப்பதால் அவள் மனம் நமக்குப் புரிகிறது. பாத்திரத்தின் குணத்தை ஆசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, இக்கட்டில் அது எடுக்கும் முடிவே சொல்லிவிடும்.

இனி கதைப்பின்னல். தொடக்கத்தில் வரும், யாருடைய சட்டை உசத்தி என்ற போட்டியை நீக்கிப் பார். கடைசியில், ராமசாமி தன் வீட்டு ராஜாவைப் பற்றிச் சொன்னதும், தாயம்மாளின் மகளான சிறுமி மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகப் பதில் சொல்கிறாளே, அது எங்கிருந்தோ வந்து விழுந்த வசனம்போல் ஆகிவிடும். போட்டிக்குப் போட்டி பதில் சொல்லிப் பழகிய குழந்தை அவள் என்பது நமக்கு முன்பே தெரிவதால், அந்தப் பதில் இயல்பாக அமைகிறது. நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொன்னால் கதை வந்துவிடும். பின்னால் வரப்போவதற்கு முன்னாலேயே இப்படி விதை போட்டு வைப்பதுதான் பின்னல்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நோக்குநிலை. ஆசிரியர் படர்க்கையில் சொன்னாலும், குழந்தைகளின் கண் உயரத்தைவிட்டு அதிகம் விலகுவதில்லை. மங்கம்மாள் யாரையும் குத்திக்காட்டவில்லை, உண்மையைத்தான் சொல்கிறாள். இரண்டு ராஜாக்களுக்கும் இடையே உள்ள தூரம் அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பாத்திரம் அறியாததை வாசகர் அறிந்திருக்கும் இந்த முரண்தான் மனத்தை உலுக்குகிறது. இதையே பெரியவர் ஒருவர் தன்மையில் நின்று விளக்கியிருந்தால், ஏழ்மையைப் பற்றிய உபதேசமாக முடிந்திருக்கும்.

உத்தி என்பது கதைக்கு மேலே பூசும் அலங்காரம் அல்ல, மகளே. நீக்கினாலும் ஒன்றும் குறையாத உத்தி, அந்தக் கதைக்குத் தேவையற்றது.

இந்த வாரம் அந்தக் கதையை முழுதாகப் படி. பிறகு கடைசிப் பகுதியை ராமசாமியே சொல்வதுபோல் ஒரு பக்கம் எழுது. எதை இழந்தாய், எதைப் புதிதாகப் பெற்றாய் என்று குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா